வால்வுக்கு ஏற்ற சுருள்வில்

சுருள்வில்லில் ஏற்படும் மாற்றம் அதன்மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஹூக் விதியை, ஆய்வகத்தில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கிறோம். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு ஓடும் புல்லட்டின் எஞ்சினுக்குள்ளும் அதே விதிதான் வேலை செய்கிறது. தன் புல்லட்டின் வேகத்தைக் கூட்ட விரும்பிய என் அண்ணனுக்காக நான் போட்ட கணக்கை இங்கே தருகிறேன்.

வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். சென்னையில் 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட்டில், கேமுக்கும் வால்வுக்கும் இடையே புஷ்ராடும் ராக்கரும் இருந்தன. இவை அனைத்தையும் கேமோடு ஒட்டியிருக்கச் செய்வது ஸ்பிரிங்கே. எஞ்சின் வேகம் இருமடங்கானால் இதற்குத் தேவையான விசை நான்கு மடங்காகும்.

எளிமைக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். நகரும் பாகங்களின் நிறை 200 கிராம். நிமிடத்திற்கு 3000 சுற்றில் முடுக்கம் 600 மீ/வி² எனில், தேவைப்படும் விசை 120 நியூட்டன். 5000 சுற்றில் அது 333. 6000 சுற்றில் 480. ஸ்பிரிங்கின் தொடக்க விசை 150 நியூட்டன், விறைப்பு மி.மீ.க்கு 25 நியூட்டன், வால்வு உயர்வு 10 மி.மீ. என்க. முழுதும் திறந்த நிலையில் கிடைப்பது 400 நியூட்டன். ஆகவே 5000 சுற்றைத் தாங்கும். 6000 சுற்றைத் தாங்காது. அப்போது வால்வு கேமின் பிடியைவிட்டு மிதக்கும். பிஸ்டனோடு மோதி வளையவும் கூடும்.

“கெட்டியான ஸ்பிரிங்காகப் போடுங்கள்” என்பதே பட்டறைகளில் முதலில் கிடைக்கும் யோசனை. ஆனால் மிகையான விசை கேமைத் தேய்க்கும், புஷ்ராடை வளைக்கும். நகரும் நிறையை 160 கிராமாகக் குறைத்துப் பாருங்கள்: 6000 சுற்றிலும் 384 நியூட்டனே தேவை. பழைய ஸ்பிரிங்கே ஏறக்குறைய ஈடுகொடுக்கும்; பாதுகாப்புக்குச் சிறிது விசை கூட்டினால் போதும். பந்தய எஞ்சின்களில் டைட்டானியம் பாகங்களைப் பொருத்துவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. முழுதும் அமுங்கும்போது சுருள்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண் கேமின் துடிப்போடு ஒத்ததிரக்கூடாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரு ஸ்பிரிங்குகளை வைப்பது இதற்கு ஒரு தீர்வு. மூன்றாவது, களைப்பு. 6000 சுற்றில் ஒரு மணி நேரத்தில் ஸ்பிரிங் 1,80,000 முறை அமுங்குகிறது. துருப்பிடித்த ஒரு சிறு குழியே விரிசலுக்கு வித்தாகிவிடும். 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் ஆராய்ந்துவரும் உலோக அரிப்புக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே, முதலில் எடையைக் குறைக்க வேண்டும். பிறகே விசையைக் கூட்ட வேண்டும். தேவைக்குப் போதுமான ஸ்பிரிங்கே நல்ல ஸ்பிரிங்.