பொக்கரா: மலையும் ஏரியும் வளர்த்த சுற்றுலா நகரம்



மலைப்பாங்கான சுற்றுலா நகரம் ஒன்றில் பயணிகள் ஈடுபடும் நடவடிக்கைகள் நான்கினைத் தந்து, அவற்றுக்கு ஏதுவான பௌதிகக் காரணிகளை விளக்குக என்று ஒரு வினா வந்தால் என்ன எழுதுவீர்கள்? வகுப்பில் பலர் படகுச் சவாரி, மலையேற்றம், பறத்தல், இயற்கைக் காட்சி என்று நான்கு சொற்களை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகின்றனர். 'தருக' என்பதற்குரிய புள்ளி கிடைத்துவிடும். 'விளக்குக' என்பதற்குரிய புள்ளி கைநழுவிப் போய்விடும்.

இக்குறையை நீக்கிக்கொள்ள ஓர் உதாரணத்தை முழுமையாகப் படிப்போம். நேபாளத்தின் பொக்கரா நகரமே அவ்வுதாரணம். ஒவ்வொரு நடவடிக்கையையும் வாசிக்கும்போது "ஏன் இங்கே?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அமைவிடமும் தரைத்தோற்றமும்

பொக்கரா, தலைநகர் காத்மண்டுவுக்கு மேற்கே வீதி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ளது. இது கண்டகி மாகாணத்தின் தலைநகரமாகும். 2021 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 'பொக்கரி' என்னும் நேபாளச் சொல்லுக்குக் குளம் என்பது பொருள். நகரின் பெயரிலேயே நீர் இருக்கிறது.

நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீற்றர் தூரத்தில் 6,993 மீற்றர் உயரமான மச்சபுச்சரே சிகரம் நிற்கிறது. நமது பீதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், இவ்வுயரம் அதன் இரண்டரை மடங்குக்கும் அதிகம் என்பது விளங்கும். அருகே உலகின் பத்தாவது உயரமான சிகரமாகிய அன்னபூர்ணா (8,091 மீற்றர்) உள்ளது. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு பெரிய உயர வேறுபாடு காணப்படுவதே பொக்கராவின் முதன்மையான பௌதிக வளம் எனலாம்.

2. ஏரியில் செய்யக்கூடியவை

பேவா ஏரி நேபாளத்தின் இரண்டாவது பெரிய ஏரியாகும். வண்ணம் பூசிய மரப்படகுகளில் பயணிகள் சவாரி செய்கின்றனர். ஏரியின் நடுவே உள்ள தீவில் தால் பராகி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கு செல்வதற்குப் படகே வழி. மறுகரையில் இறங்கி, காட்டுப் பாதையால் ஏறினால் உலக சமாதான தாதுகோபத்தை அடையலாம். காற்று அடங்கிய காலை வேளையில் மச்சபுச்சரேயின் விம்பம் நீரில் தெரியும்.

ஏன் இங்கே? மத்திய காலத்தில் ஏற்பட்ட பெரும் புவிநடுக்கங்களை அடுத்து, அன்னபூர்ணாப் பகுதியிலிருந்து பெருந்தொகையான கற்களும் மண்ணும் சேத்தி ஆற்றின் வழியே கீழிறங்கிப் பள்ளத்தாக்கை நிரப்பின. இப்படிவுகள் கிளையாறுகளின் வாயை அடைத்தன. அடைபட்ட நீர் ஏரிகளாகத் தேங்கியது. 1873 இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட நுவரெலியாவின் கிரகரி ஏரி செயற்கையானது. பேவா இயற்கையாகத் தோன்றி, பின்னர் அதன் வெளிவாயிலில் அணை கட்டப்பட்ட ஏரியாகும். ஒப்பிடும் வினாக்களில் இவ்வேறுபாட்டைக் குறிப்பிடுங்கள்.

3. ஆகாயத்தில் செய்யக்கூடியவை

ஏரிக்கு மேலே ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் சராங்கோட் என்னும் மலைமுகடு உள்ளது. விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கப் பயணிகள் இங்கு கூடுவர். பின்னர் பரகிளைடிங் எனப்படும் காற்றில் மிதக்கும் பறப்பு ஆரம்பமாகும். பயிற்சி பெற்ற ஓட்டியுடன் பயணி பிணைக்கப்பட்டு, துணிச் சிறகின் உதவியால் ஏரிக்கரை நோக்கி இறங்குவார்.

ஏன் இங்கே? வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. அதனோடு தொட்டிருக்கும் வளியும் சூடாகி மேலெழுகிறது. நீங்கள் படித்த மேற்காவுகை ஓட்டமே இது. அவ்வோட்டம் சிறகைத் தாங்குகிறது. இறங்குவதற்கு ஏரிக்கரையில் சமநிலம் இருக்கிறது. சரிவும் சமநிலமும் அருகருகே அமைந்த இடங்கள் எங்கும் கிடைப்பதில்லை.

4. மலையிலும் ஆற்றிலும் செய்யக்கூடியவை

ட்ரெக்கிங் எனப்படும் மலை நடைப்பயணத்துக்குப் பொக்கராவே வாயிலாகும். அன்னபூர்ணா அடிவார முகாமுக்குச் செல்லும் பாதையும், 5,416 மீற்றர் உயரமான தொரோங் கணவாயைக் கடக்கும் சுற்றுப்பாதையும் புகழ்பெற்றவை. 1950 ஜூன் 3 இல் மோரிஸ் எர்சோக், லூயி லாஷெனால் ஆகிய பிரெஞ்சு வீரர்கள் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். 8,000 மீற்றரைக் கடந்த சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதற்றடவையாகும்.

மச்சபுச்சரேயில் ஏற அனுமதி இல்லை. 'மச்சம்' என்றால் மீன் என்பது நாமும் அறிந்த சொல். மீன்வால் வடிவான இச்சிகரம் சிவபெருமானுக்குரியதாக மதிக்கப்படுகிறது. 1957 இல் ஏறிய பிரித்தானியக் குழுவினரும் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பினர். பார்ப்பதற்கு மாத்திரம் என விடப்பட்ட மலையும் சுற்றுலா வளமே என்பதைக் கவனியுங்கள்.

பனி உருகலாலும் மழையாலும் பெருகும் காளி கண்டகி, சேத்தி போன்ற ஆறுகள் செங்குத்தாக இறங்குவதால், இறப்பர்ப் படகில் நீர்ப்பாய்ச்சலைக் கடக்கும் விளையாட்டு வளர்ந்துள்ளது.

5. நிலத்தின் கீழே பார்க்கக்கூடியவை

பள்ளத்தாக்கை நிரப்பிய படிவுகளில் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு நீரிற் கரையும். ஆகவே மகேந்திர குகை போன்ற குகைகள் உருவாகின. டேவிஸ் நீர்வீழ்ச்சியில் விழும் நீர் நிலத்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. இதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. 2013 இல் அர்மலா என்னும் பகுதியில் நிலம் ஆங்காங்கே உள்வாங்கிக் குழிகள் தோன்றின.

6. காலநிலையும் பருவமும்

தெற்கே மகாபாரத மலைத்தொடர் இவ்விடத்தில் தாழ்ந்திருப்பதால், ஈரக்காற்று நேரே வந்து அன்னபூர்ணாத் தொடரில் மோதுகிறது. மலை தடுப்பதால் மழை கொட்டுகிறது. அருகிலுள்ள லும்லேயில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை முகில் மலையை மறைக்கும். பாதைகளில் அட்டைகளும் மண்சரிவும் தொல்லை தரும். எனவே ஒக்ரோபர், நவம்பர் மாதங்களும் மார்ச், ஏப்ரல் மாதங்களுமே உகந்த பருவங்களாகும்.

உகந்த பருவம் என்பதற்காக ஆபத்தே இல்லை என எழுதிவிடாதீர்கள். 2014 ஒக்ரோபரில் வங்காள விரிகுடாவில் தோன்றிய ஹுட்ஹுட் சூறாவளியின் எச்சம் இமயமலையில் பெரும் பனியைக் கொட்டியது. தொரோங் கணவாய்ப் பகுதியிலும் அயலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பயணிகளும் இருந்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய, பொதி சுமந்த நேபாளியரும் இருந்தனர். 2012 மே 5 ஆந் திகதி, பொக்கராவில் மழையே இல்லாத நேரத்தில், மலையுச்சியிலிருந்து சரிந்த பாறையும் பனியும் சேத்தி ஆற்றில் திடீர் வெள்ளத்தை உண்டாக்கின. வெந்நீர் ஊற்றில் பொழுதுபோக்க வந்தவர்கள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பயணியை இழுக்கும் அதே செங்குத்துச் சரிவே உயிரையும் பறிக்கிறது.

7. நன்மைகளும் பிரச்சினைகளும்

நன்மைகள்:
(அ) படகோட்டி, வழிகாட்டி, சுமைகாவுவோர், விடுதி ஊழியர் எனப் பலருக்கு வேலைவாய்ப்பு.
(ஆ) அந்நியச் செலாவணி வருமானம்.
(இ) 1959 இன் பின் வந்து குடியேறிய திபெத்திய அகதிகளின் கம்பளக் கைத்தொழிலுக்குச் சந்தை.
(ஈ) 1986 இல் ஆரம்பிக்கப்பட்ட அன்னபூர்ணாப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், பயணிகளின் நுழைவுக் கட்டணம் கிராம அபிவிருத்திக்கும் காட்டுப் பாதுகாப்புக்கும் பயன்படுதல்.

பிரச்சினைகள்:
(அ) மேற்சரிவுகளில் முறையாகத் திட்டமிடாமல் வெட்டப்படும் வீதிகளாலும் மண்ணரிப்பாலும் வண்டல் வந்து சேர, பேவா ஏரி சுருங்கி வருதல்.
(ஆ) கழிவுநீர் கலத்தலும் ஆகாயத்தாமரை பரவுதலும்.
(இ) கரையை நெருங்கிய கட்டடங்கள். 2018 இல் நேபாள உச்ச நீதிமன்றம் கரையிலிருந்து 65 மீற்றருக்குள் கட்டடங்கள் இருக்கக்கூடாது எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பைச் சற்று யோசியுங்கள். கரையில் விடுதி வைத்திருப்பவருக்கு அதுவே சீவனோபாயம். ஏரி தூர்ந்துபோனால் அவ்விடுதிக்கு வருவோரும் இல்லை. இருபக்க நியாயத்தையும் எழுதி, உங்கள் முடிவைக் காரணத்துடன் தரும் மாணவரே கட்டுரை வினாவில் உயர்ந்த புள்ளி பெறுவார்.

8. விடை எழுதும் முறை

குறைவான விடை: பொக்கராவில் பரகிளைடிங் செய்யலாம்.

நிறைவான விடை: சராங்கோட் மலைச்சரிவு வெயிலால் சூடாகி வளி மேலெழுவதாலும், கீழே ஏரிக்கரையில் இறங்கச் சமநிலம் இருப்பதாலும் பொக்கராவில் பரகிளைடிங் சிறப்புற்றுள்ளது. இதனால் ஓட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் வருமானம் கிடைக்கிறது. மழைப்பருவத்தில் இது தடைப்படுவதால் அவ்வருமானம் பருவத்துக்குரியதாகும்.

இடம், காரணம், பயன், வரையறை ஆகிய நான்கும் இவ்விடையில் இருப்பதைக் கவனியுங்கள். எந்த நடவடிக்கைக்கும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பேவா ஏரி தோன்றிய விதத்தைச் சுருக்கமாக விளக்குக.
2. லும்லேயில் கூடிய மழை கிடைப்பதற்கான காரணங்கள் இரண்டு தருக.
3. பொக்கராவின் சுற்றுலாவுக்கு உதவும் தரைத்தோற்றமே அங்கு அனர்த்தங்களுக்கும் காரணமாகிறது. இக்கூற்றை இரண்டு உதாரணங்களுடன் ஆராய்க.
4. நீங்கள் அறிந்த இலங்கைச் சுற்றுலா இடம் ஒன்றைத் தெரிவுசெய்து, அங்குள்ள நடவடிக்கைகள் மூன்றினை மேற்கூறிய நான்கு படிகளில் எழுதுக.

நான்காவது வினாவை விட்டுவிடாதீர்கள். பரீட்சையில் பொக்கரா வராமற் போகலாம். அங்கே பழகிய "ஏன் இங்கே?" என்ற கேள்வி எந்த ஊருக்கும் உதவும்.