கவுன்டருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காட்லாந்தின் சுற்றுலாத் தகவல் மையங்கள் மூடப்படுவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எழுதத் தெரிந்தவருக்கு நடை பற்றிப் பாடம் எடுக்கப்போவதில்லை. எரிச்சலூட்டிய விஷயத்துக்கு நேராக வருகிறேன்.

ஓபன் என்ற அந்தத் துறைமுக ஊரின் மையத்துக்குள் போயிருக்கிறீர்கள். கட்டடம் வந்துவிட்டது, அடுக்கிலிருந்த துண்டுப் பிரசுரங்களின் நிறம்கூட வந்துவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மாள் மட்டும் "புன்னகைத்தார்" என்பதோடு சரி. அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? அயோனா தீவுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தாலே போதும். ஓபனில் கப்பலேறி மல் தீவின் கிரெய்க்னியூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ், ஒற்றைத்தடச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடி ஃபின்னஃபோர்ட் போகும். பிறகு இன்னொரு படகு, பத்து நிமிடம். மூன்றுக்கும் தனித்தனி நேர அட்டவணை; கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு வேறு. காற்று பலத்தால் படகு நின்றுபோகும். திரும்பும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ராத்திரி எங்கே படுப்பது என்பதையும் சேர்த்தே அந்த அம்மாள் சொல்லியிருப்பார். நீங்கள் பிரசுரங்களின் நிறத்தைக் குறித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்தது, "கைபேசி வந்தது, மையம் செத்தது" என்ற வரி. 2024 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் சுற்றுலா அமைப்பான விசிட்ஸ்காட்லாந்து தன் 25 மையங்களையும் இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தபோது சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான்: ஜனங்கள் புறப்படும் முன்பே இணையத்தில் பார்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். நிறுவனம் அப்படிச் சொல்லலாம். எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொன்னால் எப்படி? கவுன்டர் யார் காசில் ஓடியது என்று பார்க்க வேண்டாமா? (இது என் பழைய வியாதி. எந்த ஊர் மையத்துக்குள் நுழைந்தாலும் இதைத்தான் முதலில் தோண்டுவேன்.) நியூசிலாந்தைப் பாருங்கள்: 1901இலேயே சுற்றுலாவுக்கென்று தனி அரசுத் துறை தொடங்கிய நாடு. அங்கே 'ஐ-சைட்' என்ற சுற்றுலாத் தகவல் மையங்கள் பலவற்றை உள்ளாட்சி மன்றங்கள் நடத்துகின்றன. அறையும் படகுச் சவாரியும் பதிவு செய்து தருவதில் கிடைக்கும் கமிஷன் அவற்றின் வருமானத்தில் ஒரு பங்கு. பதிவு இணையத்துக்குப் போனால் கமிஷனும் கூடவே போய்விடும். வழி கேட்கிறவர் மட்டும் வந்துகொண்டே இருப்பார்; அவரால் கல்லாவில் ஒரு காசு விழாது. இந்தக் கணக்கு உங்கள் கட்டுரையில் எங்கே?

பதிவு என்றதும் நினைவுக்கு வருகிறது: பிரிட்டன் மையங்களில் 'புக் எ பெட் அஹெட்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. இளவயதில் அங்கே அலைந்தபோது அதை நம்பித்தான் அலைந்தேன். காலையில் கொஞ்சம் காசு கட்டினால், ராத்திரி தங்கவேண்டிய அடுத்த ஊருக்கு அவர்களே ஃபோன் பேசி அறை பிடித்துத் தருவார்கள். முன்பணம் பில்லில் கழிந்துவிடும். ஃபோர்ட் வில்லியமில் ஒரு பெண்மணி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்த வீட்டில் நாய் இருக்கிறதாம், பரவாயில்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் சைவம் என்பதையும் அந்த வீட்டாரிடம் சொல்லி, காலைச் சாப்பாட்டுக்கு என்ன தருவீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் ஃபோனை வைத்தார். நாய் விடிய விடியக் குரைத்தது, அது வேறு கதை.

மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்த கிழத்தம்பதியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். என் தலைமுறைப் பயண எழுத்தில் அப்படி ஒரு பத்தி கிடையாது. அதை எழுதிய கைதானா மற்றதையும் எழுதியது என்றுதான் இவ்வளவு கோபம்.

அடுத்து நியூசிலாந்து போவதாகக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். தே அனாவ் ஊரில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் மையம் இருக்கிறது. 53.5 கிலோமீட்டர் மில்ஃபோர்ட் பாதையில் நடக்கப் புறப்படுகிறவர்கள் பாதை நிலவரமும் வானிலையும் பனிச்சரிவு அபாயமும் விசாரிக்கும் இடம் அது. ஒரு நாள் முழுக்க அங்கே ஓரமாக உட்காருங்கள். யார் என்ன கேட்கிறார்கள், என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்ததும் கவுன்டரில் இருப்பவரிடம் பேசுங்கள். சம்பளம் யார் தருகிறார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.