உணவு மறுக்கும் பொதிக்குதிரை

“கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்” என்பது குதிரையைப் பற்றிய நம் பழமொழி. கொள்ளைக் கண்டும் ஒரு குதிரை வாய் திறவாது நிற்குமாயின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அதனை ஆராயாது, குதிரையை ஏசுவதாலும் அடிப்பதாலும் பயனில்லை.

போடிமெட்டு வழியே மோட்டார் சாலை உண்டு. ஆயினும் சாலை எட்டாத மலைச் சிற்றூர்களுக்கு அரிசி ஏறுவதும், அங்கிருந்து காப்பியும் மிளகும் இறங்குவதும் குதிரை முதுகில்தான். தேர்தல் நாட்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களையும் அவை சுமந்ததுண்டு. ஒரே குதிரையை நம்பி வாழும் குடும்பத்தில் அது மெலிந்தால் அடுப்பும் மெலியும். ஆதலின் அங்கத்தினர்கள் இப்பாடத்தைக் கருத்துடன் படிப்பார்களாக.

முதலில் வாயைப் பார்க்க

குதிரையின் பற்கள் வாழ்நாளில் பெரும்பகுதி வளர்ந்து தேய்வன. தேய்வு சீராக இல்லையெனில் கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே உமிழ்தல், தலையைச் சாய்த்து மெல்லுதல், சாணத்தில் முழுத் தானியம் காணப்படுதல் ஆகியன இதன் அடையாளங்கள். கால்நடை மருத்துவர் பற்களை அராவிவிட்டால் குறை நீங்கும். அடுத்து, சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். சேணப் புண்ணும் காய்ச்சலும் பசியைக் கெடுப்பன என்பதையும் மறவற்க.

குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், தரையில் புரண்டாலும், சாணமிடாது நின்றாலும் அது வயிற்று வலி. தீவனத்தை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க. 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தி உதவி கிடைக்கும்.

எடையை அறியும் வழி

நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, 11,900 ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழ வரும். சுற்றளவு 140, நீளம் 130 உள்ள மட்டக்குதிரையின் எடை சுமார் 214 கிலோ. இதற்கு நாள்தோறும் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது ஈரம் நீங்கிய கணக்கில் 4¼ கிலோ தீவனம் வேண்டும். பசும்புல்லில் பெரும்பகுதி நீராதலால், புல் மட்டுமாயின் 20 கிலோ அளவில் தேவைப்படும்.

ஊட்டும் முறை

குதிரையின் இரைப்பை சிறிது. அது வாந்தி எடுக்கவும் இயலாதது. ஆகவே சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பதே முறை. நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு முதலில் தானியம் கூடாது. நல்ல புல்லும் குதிரைமசாலும் சிறு பிடிகளாக அளித்துப் பழக்குக. பின்னர் வேகவைத்து ஆறிய கொள்ளு நாளொன்றுக்குக் கால் கிலோவில் தொடங்கி, பத்து நாட்களில் ஒரு கிலோ வரை உயர்த்தி, மூன்று வேளையாகப் பகிர்ந்து கொடுக்கலாம். சிறிது கடலை எண்ணெயும் கலக்கலாம். விரும்பாத குதிரைக்கு ஒரு துண்டு வெல்லக் கரைசலைத் தெளித்துக் கொடுத்தால் வாய் வைக்கும். உப்பும் தூய நீரும் எப்போதும் இருக்கட்டும். தோழமைக் குதிரை அருகில் நின்றால் தனியே நிற்பதிலும் நன்றாக உண்ணும்.

தவிட்டை மட்டும் நம்பலாகாது. அதில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. நாளடைவில் எலும்பு கெடும். மலைப் பனியில் பூசணம் பிடித்த வைக்கோலும் கொள்ளும் ஆகா. கோழித் தீவனத்தில் கலக்கும் சில மருந்துகள் குதிரையைக் கொல்லும். ஏலத் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்த இடத்துப் புல்லும், உண்ணிச்செடியும் அண்டலாகாதவை.

சுமையின் அளவு

தீவனத்தால் ஏறும் உடலைப் பாரத்தால் இறக்குதல் அறிவன்று. 1965 ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவும் உச்ச வரம்பாக வகுத்துள்ளன. நாளில் 9 மணி நேரத்திற்கு மேல் வேலையும், ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்த வேலையும் கூடா. மெலிந்த குதிரைக்கு அச்சுமையும் ஆகாது. தேறும்வரை ஓய்வே மருந்து.

இரு வாரத்திற்கொருமுறை அளந்து குறித்து வருக. உடல் தேற இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

ஒருவர் தனியே மருத்துவரை மலையேற்றுதல் கடினம். பதின்மர் கூடினால் எளிது. அறுவடைக் காலத்தில் கொள்ளை மொத்தமாக வாங்கி உலர்த்திச் சேமிக்கவும், ஆண்டிற்கொருமுறை எல்லாக் குதிரைகளின் பற்களையும் ஒரே நாளில் பார்க்கச் செய்யவும் அங்கத்தினர் ஒன்றுகூடுவார்களாக. வாய் பேசாத உழைப்பாளிக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.