இலவச அட்டையின் கணக்கு

பேரங்காடியின் நுழைவாயிலில் ஒரு சிறிய மேசை. “ஆண்டுக் கட்டணம் இல்லை! செலவு செய்தால் பணமும் திரும்பக் கிடைக்கும்!” என்று விற்பனையாளர் அழைக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டே ஆன இளைஞர் ஒருவர் விண்ணப்பப் பாரத்தைக் கையில் எடுக்கிறார். மலேசியாவில் கடன்பற்று அட்டை பெறுவதற்கு 21 வயதும், ஆண்டுக்குக் குறைந்தது 24,000 ரிங்கிட் வருமானமும் தேவை. அவருக்கு அந்தத் தகுதி உண்டு. எனினும், கையொப்பம் இடுவதற்கு முன் அவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதல் கேள்வி: அட்டை உண்மையிலேயே இலவசமா? வங்கி ஆண்டுக் கட்டணம் வாங்காமல் இருக்கலாம். ஆனால், 2018 செப்டம்பர் முதல் ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. செலவில் 1 விழுக்காட்டைத் திருப்பித் தரும் அட்டை என்றால், ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் செலவழித்த பிறகுதான் அந்த வரிக்கு ஈடாகும். அதற்கு மேல் கிடைப்பதே ஆதாயம்.

இரண்டாம் கேள்வி: நிபந்தனைகள் யாவை? “பெட்ரோலுக்கு 5 விழுக்காடு” என்பது பெரிய எழுத்தில் இருக்கும். “மாதத்திற்கு 15 ரிங்கிட் வரை மட்டும்” என்பது சிறிய எழுத்தில் இருக்கும். அப்படியானால், 300 ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் நிரப்பினாலும் 500 ரிங்கிட்டுக்கு நிரப்பினாலும் கிடைப்பது ஒன்றே. சில அட்டைகள் மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையைச் செலவழிக்கச் சொல்லும். அந்த அளவை எட்டுவதற்காகத் தேவையற்ற பொருளை வாங்கினால் அது சேமிப்பு ஆகாது.

மூன்றாம் கேள்வியே முக்கியமானது: மாதக் கடன் முழுவதையும் அவரால் கட்ட முடியுமா? அவர் 1,000 ரிங்கிட் செலவழித்தால், 1 விழுக்காட்டுக் கணக்கில் 10 ரிங்கிட் திரும்பக் கிடைக்கும். குறைந்தபட்சத் தொகையான 50 ரிங்கிட்டை மட்டும் கட்டினால், மீதி 950 ரிங்கிட்டுக்கு வட்டி ஏறும். ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால், ஒரு மாத வட்டியே ஏறத்தாழ 14 ரிங்கிட். பத்து வந்தது, பதினான்கு போனது! அடுத்த மாதமும் இப்படியே கட்டினால் வட்டி மீண்டும் ஏறும். கிடைத்த பத்து ரிங்கிட்டோ மறுபடி வராது.

வங்கி திருப்பித் தரும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. கடைக்காரர்கள் வங்கிக்குச் செலுத்தும் கட்டணமும், கடனை மிச்சம் வைப்பவர்கள் கட்டும் வட்டியுமே வங்கியின் வருமானம். மாதந்தோறும் முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் கட்டுபவருக்கு இத்தகைய அட்டை நன்மை தரும். மிச்சம் வைப்பவருக்கு அதுவே சுமையாகும்.

இளைஞர் பாரத்தை அங்கேயே நிரப்பவில்லை. வீட்டிற்குச் சென்று, கடந்த மூன்று மாதச் செலவுகளை எழுதிப் பார்க்க முடிவு செய்தார். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது கடன்பற்று அட்டைக்கும் பொருந்தும் அன்றோ?