கோலம் போடும் லெப்டொப்: கருவித் தேர்வுக்குப் பயனுள்ள குறிப்புகள்

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஒரு பழைய லெப்டொப் இருக்கும். அதில் பரீட்சைக்கான புரோகிராம் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. விதியை நாம் எழுதிக் கொடுத்தால் படத்தைக் கணினி வரையும். மவுஸை அசைத்தால் படமும் அசையும். ஜெனரேட்டிவ் ஆர்ட் என்கிறார்கள் இதை. வாசலில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற எந்த அம்மாவுக்கும் இதன் அடிப்படை தெரியும். பசறை, ஹாலி-எல, மடுல்சீமைப் பக்கத்து லயத்து வீடுகளை மனதில் வைத்து, எந்தக் கருவியை எடுக்கலாம், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.

1. வேகத்தில் இரண்டு வகை உண்டு. திரையில் படம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பது ஒன்று. ஓர் எண்ணை மாற்றிவிட்டு, மாறிய படத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது மற்றது. கருவி தேடுகிறவர்கள் முதலாவதைத்தான் விசாரிக்கிறார்கள். பழகுகிறவருக்கு முக்கியம் இரண்டாவது. சி++ மொழியில் எழுதும் ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸில் படம் பறக்கும். ஆனால் பழைய மெஷினில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்பைல் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பிரவுசரில் ஓடும் பி5.ஜேஎஸ்ஸில் கோப்பைச் சேமித்து எஃப்5 விசையைத் தட்டினால் போதும். மாற்றியதை உடனே பார்க்கிற பிள்ளைதான் இன்னொரு தரம் மாற்றிப் பார்க்கும்.

2. ஆகவே பி5-இல் தொடங்குங்கள். ஓவியர்களும் புரோகிராம் எழுதட்டும் என்று கேசி ரீஸும் பென் ஃபிரையும் எம்.ஐ.டி.யில் 2001இல் தொடங்கிய கருவி புரோசெசிங். அதே வழியில், பிரவுசருக்கென்று லோரன் மெக்கார்த்தி 2013இல் தொடங்கியது பி5. இதன் சுருக்கிய கோப்பு ஏறக்குறைய ஒரு எம்.பி.தான். பதுளை டவுனுக்கு வரும்போது ஒரு தரம் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால், மேலே டிவிஷனில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், டேட்டா கரையாது. இன்னொரு வசதி: படத்தில் தமிழ் எழுத்து போட்டால் பிரவுசரே கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைத்துவிடும்.

3. பாடமும் கோப்பும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். 2025இல் பி5-இன் 2.0 பதிப்பு வந்தது. பழைய பாடங்களில் வரும் ‘பிரிலோட்’ என்ற பகுதி அதில் இல்லை. பாடம் 1-ஆம் பதிப்புக்கு எழுதியது என்றால் 1-ஆம் பதிப்புக் கோப்பையே இறக்குங்கள். இதைப் பார்க்காமல், தாங்கள்தான் பிழையாக எழுதிவிட்டோம் என்று பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள்.

4. கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் கோடும் வட்டமும் வரும். நீங்கள் வைத்த போட்டோவும் பாட்டும் வராது. பாதுகாப்புக்காகப் பிரவுசர் அவற்றைத் தடுத்துவிடும். கணினியில் பைதன் இருந்தால், அதோடு வரும் ‘எச்டிடிபி.சர்வர்’ என்ற சிறு சேவையை அதே கோப்புறையில் ஓடவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8000 என்று கொடுங்கள். இதற்கும் இணையம் வேண்டாம்.

5. முதல் பயிற்சிக்குச் சிக்குக் கோலத்தை எடுங்கள். திரையைச் சம சதுரங்களாகப் பிரித்து, மூலைகளில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் எதிரெதிரான இரண்டு மூலைகளைச் சுற்றி, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து அடுத்த பக்கத்தின் நடுவுக்குக் கால்வட்ட வளைவு போடுங்கள். மேல் இடது மூலையையும் கீழ் வலது மூலையையும் சுற்றலாம். இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் சுற்றலாம். இருப்பது இரண்டே நிலை. எந்தச் சதுரத்துக்கு எந்த நிலை என்பதைக் கணினி எழுமாற்றாகத் தேர்ந்தெடுக்கட்டும். வளைவுகள் எல்லாம் பக்கத்தின் நடுவிலேயே முடிவதால், அடுத்த சதுரத்துக் கோட்டோடு தானாகப் பொருந்திப் புள்ளிகளைச் சுற்றி ஓடும். இனி, ஒரு சதுரத்தைக் கிளிக் செய்தால் அதன் நிலை மாறும்படி எழுதுங்கள். ஓரிடத்தில் இரண்டு கோடுகள் சேர்ந்து ஒன்றாகும். இன்னோரிடத்தில் ஒரு கோடு இரண்டாகப் பிரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஓடுகளை இப்படித் திருப்பி வைத்து வடிவம் காணும் வழியை பிரான்ஸ் நாட்டுத் துறவி செபாஸ்தியன் ட்ரூஷே 1704இல் எழுதினார். வளைவுக் கோடு பின்னால் வந்தது. கோலத்தையே கணினி இலக்கணமாக எழுதியவர்கள் நம்மவர்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் இது பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அம்மாவின் கோலம் பல தடவை ஒரே கோட்டில் முடியும். நாம் எழுதிய விதியில் அதற்கு உத்தரவாதம் இல்லை. எப்படி முடிகிறது என்று அம்மாவிடம் கேட்டு விதியைத் திருத்துவதுதான் அடுத்த பயிற்சி.

6. எண்களைப் புரோகிராமுக்குள் போய்ப் போய் மாற்றாதீர்கள். பி5-இல் ஸ்லைடர் வைக்க ஒரே வரி போதும். சதுரத்தின் அளவு, கோட்டின் தடிப்பு, நிறம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஸ்லைடர் வைத்துவிட்டால், புரோகிராம் தெரியாத தங்கையும் பாட்டியும்கூட இழுத்துப் பார்த்து, இது நல்லா இருக்கு என்று சொல்லுவார்கள்.

7. மலை வரைய எழுமாற்று எண் ஒத்துவராது. நமுனுகுல மலையின் விளிம்பை அப்படி வரைந்தால் முள்ளு முள்ளாகத்தான் வரும். ‘நொய்ஸ்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே வருவதால் கோடு மெல்ல ஏறி இறங்கும். கென் பெர்லின் 1980களில் உருவாக்கியது இது. இதற்காக அவருக்கு ஒஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. நாலைந்து மலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, தூரத்து மலையின் நிறத்தை வெளிறவிட்டால் ஹப்புத்தளைக் காலை வந்துவிடும்.

8. படம் இழுத்து இழுத்து ஓடினால் வேறு மெஷின் தேடுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்: ‘பிக்சல் டென்சிட்டி’யை 1 என்று வையுங்கள். படத்தின் அளவை 600க்கு 600 ஆகக் குறையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் பிரிண்ட் செய்யும் வரியை எடுத்துவிடுங்கள். கிளிக் செய்தால் மட்டும் மாறும் படத்துக்கு ‘நோலூப்’ போடுங்கள். இல்லாவிட்டால் மாறாத கோலத்தையே கணினி ஒரு விநாடிக்கு 60 தடவை வரைந்து, பட்டரியையும் தின்றுவிடும்.

9. உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் பழக்கம் என்றால் அதோடு வரும் ‘டர்ட்டில்’ போதும். ஒவ்வொரு கோட்டையும் நடந்து காட்டுவதால் அது மெதுவாக வரையும். தொடக்கத்தில் ‘டிரேசர்’ கட்டளைக்கு 0 கொடுத்து, கடைசியில் ‘அப்டேட்’ போட்டால் முழுப்படமும் ஒரே தடவையில் வந்து நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பச்சைக் கொடியைத் தட்டினால் டர்போ முறையில் வேகமாக வரையும்.

10. தப்பு மேளச் சத்தத்துக்குக் கோலம் விரியட்டும். கமராவைவிட மைக் நல்ல தொடக்கம். பழைய லெப்டொப்புக்கும் சுமை குறைவு. பி5-இன் சவுண்ட் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும். மைக்கை பிரவுசர் தானாகத் திறக்காது: 4-ஆம் குறிப்பில் சொன்ன லோக்கல்ஹோஸ்ட் வழியாகத் திறந்து, அனுமதி கொடுத்து, படத்தில் ஒரு கிளிக் செய்த பிறகே வேலை செய்யும். சத்தத்தின் அளவை வளைவின் தடிப்போடு இணையுங்கள். தோட்டத்துத் திருவிழாவில் புரொஜெக்டர் கிடைத்தால் கோயில் சுவரிலேயே போட்டுக் காட்டலாம்.

11. மற்றக் கருவிகளுக்கும் காலம் வரும். பி5 திணறும் அளவுக்கு ஆயிரக்கணக்கான துகள்கள் வேண்டும் என்றால் புரோசெசிங், அதற்கும் மேலே ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ். பெரிய மேடைக் காட்சிக்கு டச்டிசைனர். அதன் இலவசப் பதிப்பில் படம் 1280க்கு 1280 அளவோடு நின்றுவிடும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். வரி எழுத எழுதவே படம் மாற வேண்டும் என்றால், ஒலிவியா ஜாக் உருவாக்கிய ஹைட்ராவைப் பிரவுசரிலேயே திறக்கலாம்.

12. அழகாக வந்த எழுமாற்றுப் படம் அடுத்த தரம் வராது. ‘ரேண்டம்சீட்’ கட்டளைக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் அதே படம் எப்போது வேண்டுமானாலும் வரும். அந்த எண்ணைப் படத்தின் கோப்புப் பெயரிலேயே சேர்த்து வையுங்கள்.

13. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி நமக்குத் தெரிந்ததுதான். வானம் கறுத்தால் சார்ஜரைப் பிளக்கில் இருந்து கழற்றிவிட்டு பட்டரியில் எழுதுங்கள். அன்றன்றைய வேலையைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுங்கள்.

14. செகண்ட்ஹேண்ட் லெப்டொப் வாங்குகிறீர்களா? இந்த வேலைக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் போதும். கூடுதல் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போட வேண்டாம். பி5, புரோசெசிங், பைதன், ஸ்கிராட்ச், ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ், ஹைட்ரா எல்லாமே இலவசம். யாராவது சிடியில் போட்டு விலை சொன்னால் வாங்காதீர்கள். உங்கள் பிள்ளை எழுதிய கோலப் புரோகிராமைப் பாடசாலைக் கணினி அறைக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். லெப்டொப் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அங்கே தொட்டுப் பார்க்கட்டும்.