நாய்க்குட்டி வளர்ப்பும் இல்லறத்தார் விரதமும்

அந்தணர் உணவைத் தொட்டமைக்காக அடியுண்டு உயிர் துடித்த நாய்க்குச் சீவகன் பஞ்ச மந்திரம் ஓதிய கதையை நம் சிறுவர் அறிவர். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின் சீவகனுக்கு உற்ற துணையாயிற்று என்று சீவக சிந்தாமணி கூறும். இதனைச் சொல்லி மகிழும் நாம், நம் வாயிற்படிக்கு வரும் ஒரு நாய்க்குட்டியை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே இப்பாடம்.

நாய் வளர்த்தல் சிராவகர்க்கு ஏற்றதன்று எனக் கருதும் பெரியோர் உளர். ஆடம்பரத்திற்காக விலைக்கு வாங்குதல் வேறு. தாயிழந்து தெருவில் தவிக்கும் குட்டிக்கு அடைக்கலம் தருதல் வேறு. ஆயினும் அடைக்கலம் தந்தபின் கடமை தொடங்கிவிடுகிறது. அது ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களாக ஐந்தினை எண்ணுகிறது. அவ்வைந்தையும் வரிசையாக நோக்கினால் குட்டி வளர்க்கும் முறை முழுதும் விளங்கும்.

1. கட்டுதல்

குட்டி வருமுன் வீட்டைச் சீர்செய்தல் வேண்டும். சந்தடியில்லாத மூலையில் பழந்துணி விரித்த படுக்கையும் நீர்க்கிண்ணமும் அமைக்கலாம். மின்கம்பி, மருந்து, பினாயில் ஆகியவற்றை எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். முற்றத்து அரளியைக் கடிக்க விடலாகாது. அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. இவ்வாறு இடத்தைக் காத்துவிட்டால் குட்டியைக் கட்டிப்போட வேண்டிய தேவை குறையும். வெளியே செல்லுகையில் வாரில் பிடித்தல் காவல்; பகலெல்லாம் குறுஞ்சங்கிலியில் பிணித்தல் கொடுமை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இதனைக் குற்றம் என்கிறது.

தாயுள்ள குட்டியை எட்டு வாரம் நிரம்புமுன் பிரித்தலாகாது. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரை, அது உலகைப் பழகும் பருவம். அப்போது பலவகை மனிதரையும் ஓசைகளையும் அச்சமின்றி அறியச் செய்தால், பின்னாளில் கண்டாரைக் கடிக்கும் இயல்பு பெரும்பாலும் வாராது.

2. அடித்தல்

இங்கு நம் பிழையையே கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் பேரன் ஒரு குட்டியைக் கொணர்ந்தான். அது கூடத்தில் சிறுநீர் கழித்தபோதெல்லாம் நாளிதழைச் சுருட்டி அடித்தோம். ஒரு வாரத்தில் அது கூடத்தை விட்டது. ஆனால் கதவின் பின்னும் நெற்குதிரின் மறைவிலும் கழிக்கத் தொடங்கிற்று. நம்மைக் கண்டால் ஒடுங்கிற்று. இடம் தவறு என்பதை அது கற்கவில்லை. நம் கண்ணெதிரே கழித்தல் கூடாது என்பதையே கற்றது. பிரம்புக்கு அஞ்சும் மாணவன் பாடம் கற்பதில்லை, ஒளியக் கற்கிறான் என்று ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பல்லாண்டு உரைத்த நாமே அதனை மறந்தோம்.

பின்னர் முறையை மாற்றினோம். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் உடனே தோட்டத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கே கழித்த அக்கணமே இன்சொல்லும் ஒரு சிறு தின்பண்டமும் தந்தோம். தவறினால் ஒன்றும் கூறாது துடைத்தோம். சில வாரங்களில் அது தானே தோட்டக் கதவருகே சென்று நின்றது.

கடிப்பதும் இவ்வாறே. நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். ஈறு உறுத்துவதால் எதையும் மெல்லும். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு, மெல்லத்தக்க பொருளைக் கொடுத்தல் போதும்.

3. உறுப்பறுத்தல்

அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுவோர் உளர். வால் நாயின் மொழி. அதனை அறுத்தல் நமக்குத் தகாது.

4. மிகை பாரம் ஏற்றல்

நாய் சுமை சுமப்பதில்லையே என்பீர். வயதிற்கு மீறி எதிர்பார்த்தலும் பாரமே. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பாடம் போதும். ஒரு செயலுக்கு ஒரே சொல் வேண்டும். தாத்தா ‘உட்கார்’ எனவும், பேத்தி ‘சிட்’ எனவும், அம்மா ‘சும்மா இரு’ எனவும் கூறினால் குட்டி யார் சொல்லைக் கேட்கும்?

5. ஊண் நீர் தடுத்தல்

தண்டனையாகப் பட்டினி போடலாகாது. இளங்குட்டிக்குக் காலை முதல் பொழுது சாயுமுன் நான்கு வேளையாகப் பகுத்து ஊட்டலாம். நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். நாய் புலால் இன்றியும் சமச்சீர் உணவால் வளர இயலும். பூனைக்கு இது பொருந்தாது. ஆயினும் பாற்சோறு மட்டும் தந்து, நம் விரதம் காத்தோம் என மகிழ்தல் தவறு. வளரும் குட்டிக்கு அதில் புரதமும் சுண்ணச்சத்தும் போதா. போதிய சத்தின்றி வாட விடுவதும் ஊண் தடுத்தலே. கால்நடை மருத்துவரிடம் கேட்டு உணவை வகுத்தல் வேண்டும். அது இயலாதெனில் குட்டியை வேறு நல்லிடத்தில் சேர்ப்பதே அறம். நோன்பில் நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் தீங்கு. உலர்திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே.

தடுப்பூசி

ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கிப் பதினாறு வாரம் வரை தவணைப்படி போடுதல் வேண்டும். வெறிநோய்க்கான ஊசியை மூன்று மாத அளவில் போட்டு, பின்னும் மருத்துவர் கூறியவாறு தொடரவேண்டும். கடியோ கீறலோ பட்டால், வளர்ப்பு நாயே ஆயினும், சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

அன்று நாம் அடித்த அக்குட்டி இன்று நம் காலடியில் உறங்குகிறது. நாளிதழை மடிக்கும் ஓசை கேட்டால் மட்டும் இன்னும் தலை தூக்கிப் பார்க்கிறது. நாம் செய்தது அதன் நினைவில் உள்ளது. இல்லத்தாரே, நாம் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருத்தலே இக்கட்டுரையின் பயன்.

சிறுவர்க்கு வினாக்கள்

1. கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து யாவை?
2. வாரில் பிடித்தலுக்கும் கட்டுதலுக்கும் வேறுபாடு யாது?
3. அடியுண்ட குட்டி எதனைக் கற்றது? எதனைக் கற்கவில்லை?