முதல் சிணுங்கலும் முழு அழுகையும்

தலைச்சன் பிள்ளையோடு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள், குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த என்னிடம் முன்பெல்லாம் பால் போதுமா, எப்போது தலைக்கு ஊற்றலாம் என்றுதான் கேட்பார்கள். இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. “தானாகத் தூங்கப் பழக்கணுமாமே, அழவிட்டுடலாமா?” யூடியூபில் பார்த்திருப்பார்கள். பழக்கலாம். ஆனால் அழவிடுவது வேறு, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது வேறு. நான் சொல்லப்போவது இரண்டாவதை.

1. முதல் மூன்று மாதத்துக்குப் பழக்கம் கிழக்கம் எதுவும் வேண்டாம். அழுதால் தூக்குங்கள். “கைச்சூடு கண்டுட்டா கீழேயே இறங்காது” என்று யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அந்த வயதில் அதற்கு இரவு பகலே பிடிபடாது, நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் வேண்டும். 1986-ல் கனடாவின் மான்ட்ரியலில் செய்த ஆய்வு ஒன்றில், அழாதபோதும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், ஆறாவது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. தூக்குவதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை.

2. அழுகைக்கு ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. பிறந்து இரண்டு வாரத்தில் ஏறத் தொடங்கும், ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். அமெரிக்க மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரே தினமும் குறித்துவைக்கச் செய்து, அதை 1962-ல் வெளியிட்டார். ஆறு வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் என்று கணக்கு வந்தது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள்தான் அத்தனையும். நம் வீடுகளில் இந்த ஆறாவது வாரத்தில்தான், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், “பால் பத்தலை, பவுடர் பால் கொடு” என்ற குரல் கேட்கும். நாளுக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பால் மேல் பழி போடாதீர்கள்.

3. முதல் நாளிலிருந்தே நீங்கள் பழகவேண்டிய ஒன்று உண்டு. பழகவேண்டியது பிள்ளை அல்ல, நீங்கள். பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் பாதி அமைதியற்ற தூக்கம். கிட்டே உட்கார்ந்து பாருங்கள். மூடிய இமைக்குள் விழி உருளும், உதடு சப்பும், முகம் சிவந்து முக்கும், கை ஒரு தடவை தூக்கி விழும், ‘ங்ஙா’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மூச்சு சீராகிவிடும். அந்த ‘ங்ஙா’வுக்கே எழுந்து லைட்டைப் போட்டு, வாரி எடுத்து, டயப்பரைப் பிரித்துப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நீங்களே எழுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கண்ணைத் திறந்து, வாயைத் திறந்து, சத்தம் ஏறிக்கொண்டே போனால் அது அழுகை. உடனே எடுங்கள்.

4. ‘ராத்திரி முழுக்க அசையாமல் தூங்குகிறது’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்பாதீர்கள். எல்லாக் குழந்தையும் இரவில் விழிக்கும். 1970-களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற மனநல மருத்துவர் தூங்கும் குழந்தைகளை வீடியோவில் பதிந்து பார்த்தார். சில குழந்தைகள் விழித்து அம்மாவைக் கூப்பிட்டன. சில விழித்து, புரண்டு, தாமாகவே திரும்பத் தூங்கிவிட்டன. பெற்றவர்களுக்கு அது தெரியவே இல்லை. விழிக்காமல் இருக்க யாராலும் பழக்க முடியாது. திரும்பத் தூங்கப் பழக்கலாம், அவ்வளவுதான்.

5. கை சூப்பினால் பிடுங்காதீர்கள், வேப்பெண்ணெய் தடவாதீர்கள். எந்நேரமும் கைக்கு உறை மாட்டியும் வைக்காதீர்கள், நகத்தை வெட்டிவிட்டால் போதும். தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அந்த வயதில் பிள்ளையிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த விரல். பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாக விட்டுவிடும்.

6. இனி தூளி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆடும்போது தூங்கிப் பழகிய பிள்ளை, நடுராத்திரி விழித்தால் அதே ஆட்டத்தைத் தேடும். இப்போது தொட்டிலுக்கு மோட்டாரே வந்துவிட்டது, கரண்ட் போன நிமிடம் பிள்ளையும் எழுந்துகொள்கிறது. நாலைந்து மாதம் ஆனதும் இப்படிச் செய்யுங்கள். கண் சொருகும் வரை ஆட்டிவிட்டு, முழுதாகத் தூங்குமுன் நிறுத்துங்கள். சிணுங்கினால் ஆட்டாமல் கையை மட்டும் வயிற்றின் மேல் வையுங்கள். சில நாள் போனதும் தரையில் கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தட்டுங்கள். பிறகு தட்டுவதைக் குறையுங்கள். பிறகு பக்கத்தில் சும்மா படுத்திருங்கள். பாட்டு மட்டும் இருக்கட்டும், தாலாட்டை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

எப்படியும் தூளியை விட்டாக வேண்டும். சேலைத் தூளியில் பிள்ளை வில்லாக வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் போய் முட்டும், துணி மூக்கை மூடும். குப்புறத் திரும்பத் தொடங்கிய பிள்ளை அதிலிருந்து விழவும் செய்யும். தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தலையணையும் வேண்டாம், கனத்த போர்வையும் வேண்டாம்.

7. பால் குடித்தபடியே தூங்குகிற பிள்ளைக்கும் இதே கதைதான். அஞ்சாறு மாதத்துக்கு மேல், பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கிற இடைவெளியாவது கொடுங்கள்.

8. ‘அழவிடும் முறை’ என்று எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் எழுதிய புத்தகத்திலிருந்து பிரபலமானது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொல்லவில்லை. சில நிமிடம் விட்டு வந்து தேற்றி, அடுத்த தடவை இன்னும் சற்று விட்டு வரச் சொன்னார். பச்சைக் குழந்தைக்கு அல்ல, சில மாதம் வளர்ந்த பிள்ளைக்கு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், இப்படியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்து மெல்ல விலகியும் பழக்கப்பட்ட குழந்தைகளை 6 வயதில் திரும்பப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: கெடுதல் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை. ஆகவே செய்தவர்களைக் கொடுமைக்காரர் என்னாதீர்கள், செய்யாததற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். பிள்ளைக்குத் தனி அறை இருக்கிற ஊரில் பிறந்த முறை அது. ஒரே அறையில் அத்தனை பேரும் படுக்கிற நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தபடி விலகுவதே ஒத்துவரும் என்பது என் கணிப்பு. முதல் ஆறு மாதமாவது பிள்ளை உங்கள் அறையிலேயே தூங்குவதுதான் பாதுகாப்பும்கூட.

9. அப்பா தட்ட, அத்தை தூக்க, பாட்டி ஆட்ட என்றிருந்தால் எதுவும் நடக்காது. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். தடுப்பூசி போட்ட நாளிலும் விருந்தாளி வந்த வாரத்திலும் தொடங்காதீர்கள்.

10. பொறுத்துப் பார்க்கக் கூடாத அழுகைகள் உண்டு. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், விட்டுவிட்டு வீறிட்டுக் காலை மடக்கினால், மலத்தில் ரத்தம் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று நிற்காமல் கத்தினால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். எறும்பு ஏறியிருக்கும், அரைஞாண் இறுக்கியிருக்கும், அம்மாவின் தலைமுடி ஒன்று கால்விரலைச் சுற்றி வெட்டிக்கொண்டிருக்கும். உதிர்கிற முடி காலுறைக்குள் போவது யாருக்கும் தெரியாது. உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டவோ, தொக்கம் எடுக்கவோ கூட்டிப்போகாதீர்கள். தூங்கட்டும் என்று ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்காதீர்கள், அதிகமானால் மயக்கம் தரும்.

11. கடைசியாக உங்களைப் பற்றி. நடுராத்திரியில் பிள்ளை மேல் ஆத்திரம் வருவது உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை. வந்தால் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அஞ்சு நிமிடம் வாசலுக்குப் போய் நில்லுங்கள். அழட்டும். ஒருபோதும் குலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசியும். பிள்ளை பெற்று இரண்டு வாரத்துக்கு மேலும் உங்களுக்கே காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கென்று தனியாகப் போகவேண்டியதில்லை, பிள்ளைக்கு ஊசி போடப் போகிற அன்றே கேட்டுவிடலாம்.